காலையில் மட்டும் நடுங்கிய மோட்டார்

ஈஜிபுரா பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் மின்கம்பத்தில் உன்னைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர். மையின் நெடி இன்னும் போகவில்லை, சாலையைத் தாண்டி மண்ணெண்ணெய் மாதிரி மூக்கில் ஏறுகிறது. மூலைக்கு ஒரு மெழுகுவர்த்தி, நடுவில் நீ. உனக்கு நீலக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள். யாருடைய கோட்டையோ கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது, உன் கழுத்து ஒரு பக்கம் பார்க்கிறது, கோட்டு வேறு பக்கம் பார்க்கிறது. பெயருக்கு முன்னால் 'இன்ஜினியர்'. கீழே சிவப்பு எழுத்தில், 'பெங்களூரில் முதன்முதலாகச் சொந்தக் கையால் சர்வோ மோட்டார் செய்த மேதைக்குக் கண்ணீர் அஞ்சலி'.

நீ போய்விட்டாய் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. துக்கம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். மேதையாம். முதன்முதலாம். உன் தெருக்காரர்களிடம் என்னவெல்லாம் அளந்துவிட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். நீயும் என்னை 'நீங்க', 'மேடம்' என்றுதான் சொன்னாய். உன் மேடத்தில் எவ்வளவு மரியாதை இருந்ததென்று இரண்டு பேருக்கும் தெரியும். இந்தக் கடிதத்தில் நான் 'நீ' என்றே எழுதப் போகிறேன். எதிர்த்துப் பேச நீ இல்லை. உன்னோடு பழகியதில் எனக்குக் கிடைத்திருக்கும் முதல் சௌகரியம் இதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தகரக் கூரை போட்ட ஷெட். ஓனர் கன்னடக்காரர், நல்ல மனுஷர், மெஷினைவிடக் கடவுளை அதிகம் நம்புகிறவர். மோட்டார், பல்சக்கரம், இரும்பு வேலை உன்னுடையது. வயரிங்கும் கன்ட்ரோல் போர்டும் என்னுடையது. உனக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. நீ கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். நான் டிப்ளமா முடித்தவள். அந்தச் சந்தில் பதினைந்து ஷெட்டாவது இருக்கும். எல்லாவற்றிலும் பெண்கள் உண்டு, கூட்டுவார்கள், பேக்கிங் செய்வார்கள். சால்டரிங் அயர்ன் பிடித்த பெண் நான் ஒருத்தி. 'பார்க்கலாம்' என்று சொல்லித்தான் ஓனர் என்னைச் சேர்த்திருந்தார். இவள் வயரிங் சரியில்லை என்று ஒரு தடவை பேச்சு வெளியே வந்துவிட்டால், வேறு எந்த ஷெட்டிலும் நுழைய முடியாது. அது எனக்குத் தெரியும், அதைவிட நன்றாக உனக்குத் தெரியும்.

ஒரு கார்மென்ட்ஸிலிருந்து ஆர்டர் வந்தது. இடுப்புக்கு வைத்துத் தைக்கும் எலாஸ்டிக் நாடாவை அளவு பார்த்து வெட்டும் மெஷின். முன்னால் ஒரு திருகு. எந்த அளவுக்குத் திருகை வைக்கிறோமோ அந்த அளவுக்கு ஒரு இரும்புக் கை நகர்ந்து போய் நிற்க வேண்டும். நாடா அதில் முட்டும், கத்தி வெட்டும். சொன்ன இடத்தில் போய் நிற்கிற மோட்டாருக்குத்தான் சர்வோ என்று பெயர். வெளிநாட்டு சர்வோ வாங்க நம் ஷெட்டை விற்றாலும் போதாது. "இதென்ன பெரிய வித்தையா? நானே செஞ்சு தரேன்" என்று நீ மார் தட்டினாய்.

சிவாஜிநகர் குஜரிக் கடையில் காயலான் சாமான் குவியலைக் கிளறி, கார் வைப்பர் மோட்டார் ஒன்றைப் பொறுக்கி எடுத்தாய். மோட்டார் சுற்றுவது பெரிய விஷயமில்லை. எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு கண் வேண்டும். பழைய வால்வ் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கழற்றி மோட்டாரின் தண்டோடு இணைத்தாய். தண்டு திரும்பினால் திருகும் திரும்பும், அதன் மூன்று கால்களில் நடுக்காலில் வரும் வோல்டேஜைப் பார்த்து என் போர்டு 'இன்னும் போ' என்றோ 'நில்' என்றோ சொல்லும். அதை நீ 'கண்ணு' என்றே கூப்பிட்டாய். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மூடியைத் திறந்து, "இதுதாங்க கண்ணு. இது இல்லேன்னா மெஷின் குருடு" என்று காட்டுவாய். போர்டைப் பற்றி யாராவது கேட்டால், "அது சும்மா வயருங்க, மேடம் பாத்துக்குவாங்க" என்பாய்.

உன் வேலை செய்யும் லட்சணத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. காதில் எப்போதும் ஒரு பேனா செருகியிருப்பாய், அந்தப் பேனாவால் நீ ஒரு கோடு போட்டு நான் பார்த்ததில்லை. டிராயிங் கேட்டால் நெற்றிப் பொட்டைத் தட்டி, "எல்லாம் இங்க இருக்கு" என்பாய். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஊதுபத்தி மாதிரி ஒரே கையில் பிடித்துக்கொண்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே, "கரெக்டா இருக்கு" என்பாய். வயர் வாங்கி வா என்றால் குஜரியிலிருந்து ஒரே மஞ்சள் நிறத்தில் ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டாய். எது பிளஸ், எது சிக்னல், எது எர்த் என்று கண்டுபிடிக்க, கார்மென்ட்ஸ் கழிவில் கிடைத்த தையல் நூலை எடுத்து ஒவ்வொரு வயர் முனையிலும் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று கட்டினேன். அதைப் பார்த்து நீ சிரித்தாய். "மேடம் வயருக்குத் தாலி கட்றாங்க" என்று பக்கத்து ஷெட்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாய்.

அப்புறம் உன்னுடைய அந்த வசனம். "மோட்டார் பொய் சொல்லாதுங்க. வயருதான் பொய் சொல்லும்." எது கெட்டுப்போனாலும் அதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாய்.

மெஷின் முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. இரண்டு வாரம் போல ஒரு குறையும் இல்லை. ஆயுத பூஜையன்று மாலை போட்டு, சந்து வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஷெட்டே கோயில் மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் இரும்புக் கை நடுங்கும். சில நாள் நடுங்கிக்கொண்டே ஒரு பக்கமாய் நகர்ந்து, கடைசியில் போய் டொக்கென்று முட்டிக்கொண்டு நிற்கும். பதினோரு மணிக்கு வெயில் தகரத்தில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும். நீ பத்தே முக்காலுக்கு வந்து மோட்டாரை ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவாய். பதினோரு மணிக்கு அது சரியாக ஓடும். "பாத்தீங்களா, கை ராசி" என்பாய். மறுநாள் காலையில் மறுபடி நடுங்கினால், "உங்க வயரிங் மேடம்" என்பாய். சரியானால் உன் கை, கெட்டால் என் வயர்.

ஓனர் பார்த்துவிட்டு திருஷ்டி என்று முடிவு கட்டினார். எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் மெஷினுக்குத் தனியாகப் பூஜை போடச் சொன்னார். நீயும் பக்தியோடு கூட நின்றாய். அந்தப் பதினைந்து நிமிஷம் மட்டும்தான் உன் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

நான் என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். மோட்டாருக்குப் போகும் தடித்த வயரும் கண்ணிலிருந்து வரும் சிக்னல் வயரும் ஒரே கட்டில் ஓடின, மோட்டாரின் இரைச்சல் சிக்னலில் ஏறுகிறதோ என்று இரண்டையும் பிரித்து வேறு வேறு வழியில் கொண்டுபோனேன். சிக்னல் வயர்களை முறுக்கிவிட்டேன். மோட்டாரின் பிரஷ்ஷில் பொறி பறப்பதை அடக்க ஒரு கண்டென்சர் வைத்தேன். நாலு இடத்தில் இருந்த எர்த்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் காலையில் கை ஒரு பக்கமாய் ஓடுவது மட்டும் நிற்கவில்லை. நீ முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, "நூலை மாத்திக் கட்டிப் பாருங்களேன் மேடம்" என்றாய். அன்றைக்கு என் கையில் சூடான சால்டரிங் அயர்ன் இருந்தது. உன் அதிர்ஷ்டம், நான் நல்ல வீட்டில் வளர்ந்தவள்.

கார்மென்ட்ஸ் மேனேஜர் மெஷின் பார்க்க ஒரு சனிக்கிழமை காலை வந்தார். முந்தின நாள் பூஜையை ஓனர் கொஞ்சம் தடபுடலாகவே செய்திருந்தார். நீ சட்டையை இன் பண்ணி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, பேனாவைக் காதிலிருந்து பாக்கெட்டுக்கு இறக்கியிருந்தாய். மேனேஜருக்குக் கொடுத்த டீயை அவர் மெஷின் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திருகைத் தொட்டார். இரும்புக் கை ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, விறுவிறுவென்று ஓடி, டீ கிளாஸை அவர் பேன்ட்டின் மேல் தள்ளிவிட்டு, முட்டிக்கொண்டு உறுமியது.

யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் நீ திறந்தாய். கன்னடத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "மோட்டாரல்லி ஏனூ இல்ல சார். வயரிங் சார், வயரிங்." சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினாய். மோட்டாரில் ஒன்றுமில்லையாம். பார்க்கக்கூட இல்லை, மூடியைத் திறக்கக்கூட இல்லை. மேனேஜர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "லேடீஸ் கையில வயரிங் கொடுத்திருக்கீங்களா?" என்று ஓனரைக் கேட்டார். ஓனர் தலை குனிந்தார்.

அவர் போன பிறகு ஓனர் என்னைக் கூப்பிட்டார். "நோடம்மா, அடுத்த சனிவாரம் மறுபடி வராரு. அதுக்குள்ள சரி மாடலேபேக்கு, பண்ணியே ஆகணும். இல்லாட்டி நீ வேற எடம் பாத்துக்கோ. எனக்கும் வேற வழி இல்லம்மா." சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. நீ கொஞ்ச தூரத்தில் அரத்தால் எதையோ தேய்த்துக்கொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்கு ஈஜிபுரா வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வழி நெடுக உன்னை மனசுக்குள் திட்டினேன். எனக்குத் தெரிந்த தமிழ் போதவில்லை, கன்னடத்திலும் திட்டினேன்.

அந்த வாரம் நான் ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் சுவிட்ச் போட்டதிலிருந்து எத்தனை நிமிஷம் கை ஓடுகிறது என்று குறித்தேன். திங்கள், செவ்வாய் என்று போகப் போகக் குறைந்தது. வியாழன் அன்று லேசாக நடுங்கியதோடு சரி. முந்தின வாரங்களையும் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எப்போதும் சனிக்கிழமைதான் மோசம். வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது? பக்கத்து ஷெட்டில் வெல்டிங்கா, கரன்ட் ஏற்ற இறக்கமா என்று விசாரித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. என் கண்ணெதிரில் என்ன நடக்கிறது என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை ஏழரைக்கே போய்விட்டேன். வாட்ச்மேன் திறந்துவிட்டார். நல்ல குளிர், பனி. சுவிட்சைப் போட்டதும் கை வழக்கம்போல ஓடி முட்டியது. திருகைத் திருப்பித் திருப்பி அதைப் பாதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். மோட்டார் மூடியைத் திறந்து, தலையை உள்ளே நீட்டி, அழுகை வருகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டேன். இரும்புக் கை துள்ளியது.

மறுபடி வாயால் ஊதினேன், கண்ணாடியைத் துடைக்க ஆவி விடுவோமே அப்படி. மறுபடி துள்ளியது. போர்டு மேல் ஊதினேன், அசையவில்லை. வயர்கள் மேல் ஊதினேன், அசையவில்லை. கண்ணின் மேல் ஊதினால் மட்டும் துள்ளியது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன்.

குங்குமப் பொட்டு. அந்த ரேடியோத் திருகின் மூன்று கால்களும் நிற்கும் பழுப்பு நிறப் பட்டையில், மூன்று கால்களையும் சேர்த்து மூடிக்கொண்டு, அடியில் சந்தனம், மேலே குங்குமம், அதன் மேல் இன்னொரு சந்தனம், இன்னொரு குங்குமம் என்று ஆயுத பூஜையிலிருந்து வாரா வாரம் வைத்த பொட்டு காய்ந்து தடித்துப் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே நேற்று வைத்தது, இன்னும் ஈரமாக.

நான் வைத்தது. ஷெட்டில் இருக்கும் ஒரே பெண்பிள்ளை என்று ஓனர் என் கையில்தான் குங்குமக் கிண்ணத்தைக் கொடுப்பார். லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, ஸ்பேனருக்கு, தராசுக்கு எல்லாம் வைத்துவிட்டுக் கடைசியில் உன் மோட்டாருக்கு வருவேன். நீ பெருமையாக மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, "கண்ணுக்கு வையுங்க மேடம், அதுதான் உயிரு" என்பாய். திருகின் இரும்பு முதுகில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் பொட்டு ஒட்டவில்லை. அதனால் பக்கத்துப் பட்டையில் வைத்தேன். அங்கே நன்றாக ஒட்டியது. அந்த மாதிரி ரேடியோத் திருகில் ஓடுவது ஒரு பொட்டு மின்சாரம்கூட இல்லை, அவ்வளவு மெலிசு. கால்களுக்கு நடுவே கொஞ்சம் ஈரம் இருந்தால் அந்த வழியாகவே ஒழுகிவிடும். வெயில் ஏறினால் காய்ந்து சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை மறுபடி ஈரம். மெஷின் கெட்டுப்போகிறதே என்று பூஜை போட்டோம், பூஜை போடப் போடக் கெட்டுப்போனது. ஈரம் கரன்ட்டைக் கடத்தும் என்று தெரியாதவன் நீ, பரவாயில்லை. நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். நூல் கட்டி, வயர் முறுக்கி, நோட்டுப் போட்டு ஊரையே சந்தேகப்பட்டவளுக்கு, தன் மோதிர விரலைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

பிறகு கைக்குட்டையைத் தின்னரில் நனைத்துச் சுரண்டித் துடைத்தேன். பட்டை பளிச்சென்று ஆகும்வரை துடைத்தேன். சிவந்துபோன கைக்குட்டையைக் கைப்பைக்குள் அடியில் திணித்தேன். திணிக்கும்போதே நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். இந்த முறை டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டார். திருகைத் திருப்பினார். கை போய் நின்றது. குறைத்தார், திரும்பி வந்து நின்றது. அரை மணி நேரம் நாடா வெட்டிப் பார்த்தார், ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ஓனர் என்னைப் பார்த்துக் கைகூப்பாத குறைதான்.

"ஏனம்மா ஆகித்து? எங்க இருந்தது தப்பு?" என்று கேட்டார்.

நீயும் வந்து நின்றாய்.

"மோட்டார்லதான் சார்" என்றேன். "கண்ணு மட்டம். உள்ள டிராக் தேஞ்சிருக்கு. குஜரி சாமான்தானே. இப்போதைக்கு க்ளீன் பண்ணி ஓட வச்சிருக்கேன். ஆனா மாத்தியே ஆகணும். வயரிங்ல ஒண்ணும் இல்ல."

நீ என்னைப் பார்த்தாய். "டிராக் தேயலைங்களே மேடம்" என்றாய். "நான் பிரிச்சுப் பாத்தேனே, நல்லாத்தானே இருந்துச்சு."

"உங்க கண்ணுக்குத் தெரியாது" என்றேன். "அதுக்கெல்லாம் மீட்டர் பாக்கத் தெரியணும்."

மேனேஜர் சிரித்தார். ஓனரும் சிரித்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய். மூன்று மாசம் நீ என்னைப் பேசிய பேச்சுக்கெல்லாம் வட்டியும் முதலுமாய்த் திருப்பிக் கொடுத்துவிட்ட நிம்மதி. உன் முகம் செத்துப்போனதைக் கண் குளிரப் பார்த்தேன்.

குஜரி மால் இனிமேல் இந்த ஷெட்டுக்குள் வரக்கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டார். மோட்டாரை வெளியில் ஆர்டர் கொடுத்து வாங்கத் தொடங்கினோம். உனக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. அந்த மாசக் கடைசியில் உன் அரங்களைச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாய். அப்போதும் காதில் அந்தப் பேனா. போகும்போது ஓனரிடம் சொல்லிக்கொண்டாய், என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அகம்பாவம் பிடித்தவன், போகட்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைப் பொட்டை அதன் பிறகு மூடியின் மேல்தான் வைத்தேன். ஓனரிடம் உண்மையைச் சொன்னால், பூஜையைக் குற்றம் சொல்கிறாள் என்று வருத்தப்படுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருத்தப்பட்டிருப்பார்தான். ஒரு நாள் வருத்தப்பட்டிருப்பார். உன்னைத் திருப்பிக் கூப்பிட்டிருப்பார்.

அதற்கு ஏழெட்டு வருஷம் கழித்து உன்னை சிவாஜிநகரில் பார்த்தேன். அதற்குள் எனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தார்கள். ஏதோ கனெக்டர் தேடிக் குஜரிக் கடை வரிசையில் நடந்துகொண்டிருந்தேன். நீ ஒரு கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழைய ரேடியோத் திருகுகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாய். காதருகே! அந்தக் கோமாளித்தனத்தைப் பார்த்ததும் நடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். நீ பார்த்துவிட்டாய். "மேடம்!" என்று எழுந்து நின்றாய். அந்த மேடத்தில் கேலி இல்லை. இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை.

ஈஜிபுராவில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பதாகச் சொன்னாய். பரவாயில்லாமல் ஓடுகிறது என்றாய். நான் கேட்காமலே மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய்.

"அத மறுபடி செஞ்சேங்க. ஆறு தடவை செஞ்சுட்டேன். நல்லாத்தான் ஓடுது. காலைல ஓடுது, மழைல ஓடுது. ஆனா நம்ப முடியலைங்க. எப்ப எகிறுமோன்னு பயமா இருக்கு. ஒரு டெய்லர் மெஷின்காரர் கேட்டாரு, இன்னும் ரெண்டு பேர் கேட்டாங்க. குடுக்கல. குடுத்த எடத்துல போய் ஆடுச்சுன்னா? அதான் கண்ண மாத்திக்கிட்டே இருக்கேன்."

நான் சரி சரி என்று தலையாட்டினேன்.

"நீங்க கண்டுபிடிச்சீங்க. நான் ஒத்துக்கறேங்க. அன்னிக்கு வயரிங்னு சொன்னது தப்புதான், வாய்த் திமிரு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. ஆனா அன்னிக்கு உள்ள என்னதான் பாத்தீங்க மேடம்? தேஞ்சிருக்குன்னீங்க. கழட்டிப் போட்ட அந்தக் கண்ணையே எடுத்துட்டுப் போயி வீட்ல பிரிச்சு வச்சு லென்ஸ்ல பாத்தேன். எங்க தேஞ்சிருக்குன்னு கடைசி வரைக்கும் தெரியலைங்க. கொஞ்சம் சொன்னீங்கன்னா நான் நிம்மதியா வித்துடுவேன்."

நீ ஏன் அப்படி மன்னிப்புக் கேட்டாய்? அந்த இடத்தில் நின்று நீ பழையபடி ஒரு கிண்டல் செய்திருந்தால், "நூல் கட்றது இன்னும் நடக்குதா மேடம்" என்று கேட்டிருந்தால், கோபத்தில் உண்மையை உன் மூஞ்சியில் அடித்திருப்பேன். நீ பணிந்து நின்றாய். பணிந்து நிற்கிறவனிடம் உண்மையைச் சொல்ல மன்னிப்புக் கேட்பதைவிடப் பெரிய மனசு வேண்டும்.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன். "ரொம்ப வருஷம் ஆச்சே."

"ஆமாங்க, ஆமாங்க" என்றாய். பாதி ரேடியோத் திருகுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாய். 47-ஆம் நம்பர் பஸ் வந்ததும் நான் ஓடிப்போய் ஏறினேன். ஏறத் தேவையில்லாத பஸ் அது.

நேற்று உன் வீடு எங்கே என்று விசாரித்தேன். பேனர் கட்டிய பையன்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள், இரண்டு தெரு தள்ளித்தான். வாசல்வரை போனேன். உன் மனைவியாகத்தான் இருக்கும், ஒரு பெண் வீட்டை ஒட்டிய உன் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கடைசி அலமாரியில் வரிசையாக மோட்டார்கள், ஆறோ ஏழோ. "இதெல்லாம் என்னன்னே தெரியலம்மா. விக்கவும் மாட்டேன்னாரு, தூக்கிப் போடவும் விடல" என்றார், நான் யாரென்று கேட்காமலே. எடைக்குப் போடப் போகிறாராம். நான் அதற்கும் சரி சரி என்றேன். ஒரு வார்த்தை போதும், அதை யாருக்காவது நல்ல விலைக்குக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எதுவும் தேயவில்லை. தண்டையும் கண்ணையும் இணைக்க நீ அரத்தால் தேய்த்துச் செய்த கப்ளிங் அவ்வளவு கச்சிதமாக இருந்தது, அதன் பிறகு ஆர்டர் கொடுத்து வாங்கிய எதிலும் அப்படி அமையவில்லை. முதல் நாள் செய்ததே சரி. நீ அதை விற்றிருக்கலாம், அன்றைக்கே விற்றிருக்கலாம். உன் அளப்பும் உன் பேனாவும் உன் தட்டலும் இன்றைக்கும் எனக்கு அருவருப்புதான், அதில் மாற்றமில்லை, செத்துப்போனாய் என்பதற்காக உன்னை நல்லவனாக்க மாட்டேன். ஆனால் அந்த மோட்டார் பொய் சொல்லவில்லை. வயரும் சொல்லவில்லை.

இப்போது நான் வேலை செய்யுமிடத்தில் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கண்டுபிடித்தும் விடுகிறேன். அதற்கு என்னை மெச்சுகிறார்கள். பேனலை மூடிவிட்டு நிமிரும்போது யாராவது ஒருவர் கேட்பார், "எங்க மேடம் தப்பு? யாரு பண்ணது?" பல சமயம் அது நானே போன வாரம் போட்ட ஒரு வயராக இருக்கும். 'நான்தான்' என்று சொல்லிவிடுகிறேன், இப்போதெல்லாம் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். ஆனால் சொல்வதற்கு முன்னால், ஒவ்வொரு தடவையும், என் நாக்கு அங்கே நிற்கிறவர்களில் வேறு ஒருவர் பெயரைத் தேடிவிட்டுத்தான் திரும்பி வருகிறது.